ஏரி, ஓடுதளம், வரலாற்றுச் சின்னம்: மொஹாவிப் பாலைவனத்தின் வானூர்தி மரபு ஏற்பு பெற்ற கதை

1985ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், கலிஃபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்திலுள்ள ரோஜர்ஸ் உலர் ஏரியை அமெரிக்க உள்துறை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. (இந்தியாவில் 'உள்துறை' என்றதும் நினைவுக்கு வரும் காவல் பணிக்கும் அந்தத் துறைக்கும் தொடர்பில்லை, பொதுநிலம், தேசியப் பூங்காக்கள், தொல்குடி விவகாரங்கள் ஆகியவற்றையே அது கவனிக்கிறது.) அறிவிக்கப்பட்ட பொருள் கோட்டையன்று, மாளிகையன்று, போர்க்களமும் அன்று. ஏறத்தாழ 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, புல்லும் முளைக்காத களிமண் தரை அது. மனிதர் கட்டிய எதற்காகவும் அன்றி, மனிதர் அதன்மேல் இறங்கிய காரணத்துக்காக ஓர் இயற்கை நிலவடிவம் வரலாற்றுச் சின்னமாவது அரிது.

இன்னொரு விந்தையும் உண்டு. அமெரிக்க மரபுடைமை நிர்வாகத்தில், ஐம்பது ஆண்டு கடக்காத ஒன்றை வரலாறாகக் கொள்வதில்லை என்பது பொதுவிதி. விதிவிலக்குக்குத் தனிச் சிறப்பு நிறுவப்பட வேண்டும். ரோஜர்ஸ் ஏரியின் புகழ்பெற்ற நிகழ்வுகளுள் மூத்தவற்றுக்கே அப்போது நாற்பதைச் சுற்றித்தான் வயது. இளையதற்கு நான்கு வயது. அறிவிப்பு வெளியான காலத்திலும் விண்வெளி ஓடங்கள் அங்கு இறங்கிக்கொண்டிருந்தன. நடந்துகொண்டிருக்கும் வேலையையே அரசு வரலாறு என்று பதிந்தது.

அந்தத் தரையின் தன்மையை அறியாமல் பிறவற்றைப் புரிந்துகொள்ள இயலாது. பனியூழிக் காலத்தில் அப்பகுதியை மூடியிருந்த பெரிய ஏரியொன்றைப் புவியியலாளர் தாம்சன் ஏரி என்பர். அது வற்றியபின் எஞ்சிய பள்ளங்களே ரோஜர்ஸும் அண்டையிலுள்ள ரோசமண்டும். குளிர்கால மழையில் படுகையில் சிறிதளவு நீர் தேங்கும். பாலைக் காற்று அந்நீரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகத் தள்ளும். நீர் நகரும்போது முந்திய கோடையின் வெடிப்புகளில் வண்டல் நிறைந்து தரை மட்டமாகும். பின்னர் வெயில் அதைச் சுட்ட ஓடுபோல் இறுக்கும். ஆண்டுதோறும் செலவின்றித் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஓடுதளம் இது. படுகையின்மேல் கறுப்புக் கோடுகளால் வரையப்பட்ட ஓடுபாதைகளுள் நெடியது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடையது. இயந்திரம் நின்றுபோன விமானம் எத்திசையிலிருந்து வந்தாலும் இறங்க இடமுண்டு. கோட்டைத் தவறவிட்டாலும் கோட்டுக்கு வெளியேயும் தரைதான்.

ஆனால் ஏரி என்ற பெயரை அது முற்றிலும் இழந்துவிடவில்லை. 1982 மார்ச்சில் கொலம்பியா ஓடம் தன் மூன்றாம் பயணத்திலிருந்து திரும்ப வேண்டிய வேளையில் படுகை ஈரமாயிருந்தது. ஓடம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வெண்மணல் பகுதிக்குத் திருப்பிவிடப்பட்டது. பாலைக்கெனத் தனிநிலம் வகுக்காத தொல்காப்பிய மரபில் பயின்றவர்க்கு இது வியப்பளிக்காது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்விளக்கத்தில் பாலை இடத்தின் பெயராவதைவிட நிலையின் பெயராகிறது. ரோஜர்ஸ் ஏரியும் அத்தகையதே.

பெயர்களின் அடுக்கு அந்நிலத்தின் வரலாற்றை ஆவணங்களைவிடச் சுருக்கமாகச் சொல்கிறது. தெகாச்சபி மலைகளிலும் ஆண்டிலோப் பள்ளத்தாக்கிலும் கிட்டானெமுக் மக்கள் வாழ்ந்தனர். அவர்தம் மொழி உட்டோ-அஸ்டெக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜான் பீபாடி ஹாரிங்டன் 1910களில் எழுதிவைத்த களக்குறிப்புகள் இல்லையெனில் அம்மொழியைப் பற்றி இன்று அறிவதற்கு அதிகம் இராது. அக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டே ஆலிஸ் ஆண்டர்ட்டன் 1988இல் அதன் இலக்கணத்தை முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதினார். 1940களோடு அதன் பேச்சு வழக்கு முடிந்ததாகக் கொள்வர். ஒலியின் வேகத்தை மனிதர் கடந்ததும் அதே பத்தாண்டில், அதே நிலப்பகுதியின் வானில்.

ஸ்பானிய வழக்கில் ஏரி ரொட்ரிகெஸ் எனப்பட்டது. 1880களில் இருப்புப்பாதை வந்தபோது நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் நிறுத்தத்துக்கு அப்பெயரின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி 'ராட்' என்று வைத்தனர். ஆங்கில நாவில் ரொட்ரிகெஸ் நாளடைவில் ரோஜர்ஸ் ஆயிற்று. 1910இல் கிளிஃபோர்ட் கோரம், எஃபி கோரம் தம்பதியரும் கிளிஃபோர்டின் உடன்பிறந்தார் ரால்ஃபும் ஏரிக்கரையில் குடியேறினர். பிறரும் வந்தனர், ஊருக்கு அஞ்சலகம் தேவைப்பட்டது. 'கோரம்' என்னும் பெயரை அஞ்சல் துறை ஏற்கவில்லை, ஏறக்குறைய அதே ஒலியுடைய ஊர் கலிஃபோர்னியாவில் முன்பே இருந்தமையால். எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு மாற்றி எழுதினார்கள்: மியூராக். எந்த மொழியிலும் பொருளற்ற, ஓர் அலுவலக மறுப்புக்குப் பதிலாகப் பிறந்த சொல். இருபதாம் நூற்றாண்டு வானூர்தி வரலாற்றின் முதன்மையான ஆவணங்கள் பலவற்றில் இடப்பெயராக நிற்பது அச்சொல்லே.

1933இல் மார்ச் தளத்தின் தலைவராயிருந்த ஹென்றி ஆர்னால்டு குண்டுவீச்சுப் பயிற்சிக்கு ஏற்ற வெறுநிலம் தேடி மியூராக்கைத் தேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே பெரும் பயிற்சித் தளம் அமைந்தது. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள அந்தப் படுகையில், ஜப்பானியப் போர்க்கப்பலின் முழு அளவு மாதிரி ஒன்றை மரத்தால் கட்டி நிறுத்தினர். 'மியூராக் மாரு' என்று அதற்குப் பெயரிட்டு, குண்டுவீச்சாளர்கள் அதன்மேல் பழகினார்கள்.

தளத்தின் வடகோடியில் நடந்தது வேறு வேலை. 1942 அக்டோபரின் தொடக்கத்தில் பெல் நிறுவனத்தின் எக்ஸ்பி-59ஏ அங்குப் பறந்தது; அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் அதுவே. தரையில் நிற்கும்போது பார்ப்பவர் ஐயுறாதிருக்க அதன் மூக்கில் மரத்தாலான போலி உந்துவிசிறி பொருத்தப்பட்டது. மறைவே அந்த இடத்தின் முதல் தகுதியாயிருந்தது என்பதை மறத்தலாகாது. நாற்பது ஆண்டுக்குப்பின் பொதுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம், பிறர் காணக்கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம்.

1947 அக்டோபர் 14 நன்கறிந்த நாள். பி-29 விமானத்தின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட எக்ஸ்-1 ஏவூர்தி விமானத்தில் சக் யேகர் மாக் 1.06ஐ எட்டினார். குதிரையிலிருந்து விழுந்து அவருக்கு விலா எலும்பு முறிந்திருந்ததும், கதவைத் தாழிட ஜாக் ரிட்லி துடைப்பக் கட்டையின் துண்டொன்றை அறுத்துக் கொடுத்ததும் திரைப்படம்வரை போய்ச் சேர்ந்த செய்திகள். அவற்றைவிடப் பொருட்படுத்தத்தக்கது அவ்விமானம் திரும்பிய முறை. அதன் எரிபொருள் சில நிமிடங்களுக்கே போதும். பின்னர் அது இயந்திரமற்ற மிதவை. மிகுந்த வேகத்தில், ஒரே வாய்ப்பில் தரையிறங்க வேண்டும். சாதாரண ஓடுபாதையில் அது பெரும் இடர். கிலோமீட்டர் கணக்கில் நீளும் களிமண் படுகையே அந்த ஆய்வு முறையை இயலச் செய்தது. வெற்றிச் செய்தியோ மறைக்கப்பட்டது. 1947 டிசம்பரில் வானூர்தி இதழொன்று அதைக் கசியவிட்டது. அரசு உறுதிப்படுத்தியது 1948 ஜூனில்.

எக்ஸ்-1இன் அளவீடுகளைப் படித்தவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. நாசாவின் முன்னோடியான நாகா அமைப்பு, 1946இல் வால்ட் வில்லியம்ஸ் தலைமையில் பொறியாளரும் தொழில்நுட்பருமாகப் பதின்மூவரை லாங்லியிலிருந்து மியூராக்குக்கு அனுப்பியது. அவர்களைத் தொடர்ந்து வந்த கணக்கீட்டுப் பெண்கள் குழுவை ராக்சானா யான்சி வழிநடத்தினார். விமானத்திலுள்ள பதிவுக்கருவிகள் படச்சுருளில் வரைந்த கோடுகளை அளந்து, எண்ணாக்கி, திருத்தங்களைச் சேர்த்து, வேகமும் அழுத்தமும் இன்னவென்று சொன்னவர்கள் அவர்களே. 'கம்ப்யூட்டர்' என்பது அவர்களது பதவிப் பெயர். அச்சொல் மனிதரை விட்டுப் பொறிக்குப் பெயர்ந்தபின், அவ்வேலையைச் செய்தவர்கள் வரலாற்றிலிருந்து நழுவியது எளிதாயிற்று.

1948 ஜூன் 5 அன்று ஒய்பி-49 என்னும் வால் இல்லாப் 'பறக்கும் இறக்கை' விமானம் மியூராக்குக்கு அருகே சிதறி விழுந்தது. இறந்த ஐவருள் கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் ஒருவர். 1949 டிசம்பரில் தளம் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாயிற்று. உடன் இறந்த டேனியல் ஃபோர்ப்ஸின் பெயரைக் கான்சாஸ் மாநிலத் தளமொன்று ஏற்றது. எட்வர்ட்ஸ் தளத்தின் தெருக்கள் பலவும் சோதனையில் இறந்தோர் பெயரால் வழங்குகின்றன. அங்கு முகவரி எழுதுவதே நினைவேந்தல். 1989 ஜூலையில் நார்த்ரப் நிறுவனத்தின் பி-2 தன் முதல் பறப்பில் பாம்டேலிலிருந்து எழுந்து எட்வர்ட்ஸில் இறங்கியது. அதுவும் பறக்கும் இறக்கை; அதன் அகலமும் ஒய்பி-49இன் அகலமும் ஒன்றே, 172 அடி.

எக்ஸ்-15இன் கதை அரச ஏற்பு எவ்வளவு சீரற்றது என்பதற்குத் தக்க சான்று. 1959 முதல் 1968 வரை அவ்விமானம் 199 முறை பறந்தது. 1963 ஆகஸ்ட் 22இல் ஜோ வாக்கர் அதில் 108 கிலோமீட்டரை நெருங்கினார். 1967 அக்டோபரில் பீட் நைட் மாக் 6.7ஐத் தொட்டார். ஐம்பது மைல் உயரத்தைக் கடந்தவரை விண்வெளி வீரராகக் கொள்வது அமெரிக்க விமானப்படையின் அளவுகோல். எக்ஸ்-15இல் அவ்வெல்லையைக் கடந்தோர் எண்மர். ஐவர் விமானப்படையினர், அவர்களுக்கு விண்வெளி வீரர்க்குரிய இறக்கைச் சின்னம் கிடைத்தது. வாக்கர், ஜான் மெக்கே, பில் டேனா ஆகிய மூவர் நாசாவின் குடிசார் விமானிகள். ஒரே விமானம், ஒரே வானம், ஆனால் சம்பளப் பட்டியல் வேறு. அவர்களுக்கு எதுவும் இல்லை. 2004 ஜூன் 21இல் மொஹாவி ஊரிலிருந்து தனியார் கலமான ஸ்பேஸ்ஷிப்ஒன்னில் நூறு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிய மைக் மெல்வில்லுக்கு வணிக விண்வெளி வீரர் சின்னம் அன்றே அணிவிக்கப்பட்டது. வாக்கர் முதலிய மூவருக்கும் நாசா அதை வழங்கியது 2005 ஆகஸ்டில். பெற்றுக்கொள்ள உயிரோடிருந்தவர் டேனா ஒருவரே. வாக்கர் 1966இல் வான்மோதலில் இறந்து 39 ஆண்டுகள் கடந்திருந்தன.

1963இல் இதே படுகையில் நடந்த இன்னொரு சோதனையைப் பார்த்தவர் சிரித்திருக்கக்கூடும். எம்2-எஃப்1 என்னும், இறக்கையற்ற, தொட்டியைப் போன்ற ஒட்டுப்பலகைக் கலத்தைப் பான்டியாக் கார் ஒன்று ஏரியின்மேல் இழுத்தோடியது. உடலின் வடிவத்தாலேயே தூக்குவிசை பெறும் கலம் விண்ணிலிருந்து திரும்பி ஓடுபாதையில் இறங்க முடியுமா என்பது டேல் ரீட் முதலியோர் எழுப்பிய வினா. பின்னர் வந்த உலோகக் கலங்கள் இயந்திர விசையின்றியே துல்லியமாகத் தரையிறங்கிக் காட்டின. விண்வெளி ஓடத்தில் தரையிறக்கத்துக்கெனத் தனி ஜெட் எஞ்சின் வேண்டாம் என்ற துணிபுக்கு அச்சோதனைகள் வலுவூட்டின. 1977இல் என்டர்பிரைஸ் அங்கு இறங்கிப் பழகியது. 1981 ஏப்ரல் 14இல் விண்ணிலிருந்து மீண்ட கொலம்பியா படுகையைத் தொட்டது. ஓடங்களின் 133 தரையிறக்கங்களுள் 54 எட்வர்ட்ஸில் நிகழ்ந்தவை.

இந்த வரிசைதான் ஏரியை அரசின் பட்டியலில் சேர்த்தது. 1980இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, 'விண்வெளியில் மனிதன்' என்னும் பொருண்மை சார்ந்த இடங்களை ஆராயத் தேசியப் பூங்காப் பணித்துறைக்கு ஆணையிட்டது. நிலவில் மனிதர் கால்பதித்த நிகழ்வுக்குத் தனி அழுத்தம் தரவும் சொன்னது. ஹாரி புட்டோவ்ஸ்கி உருவாக்கிய அந்த ஆய்வின் வழியே காற்றுச் சுரங்கங்கள், ஏவூர்திச் சோதனை மேடைகள், கட்டுப்பாட்டு அறைகள் முதலியவை வரலாற்றுச் சின்னங்களாயின. மொஹாவியிலேயே, கோல்ட்ஸ்டோனிலுள்ள பயனியர் விண்தொடர்பு நிலையம் அதே ஆண்டில் அத்தகுதி பெற்றது. ஆக, பாலைவனத்தை அரசு ஏற்றுக்கொண்டது நிலவின் வழியாகத்தான். ஏரியின் சொந்த வரலாற்றில் கோரம் குடும்பமும் இருப்புப்பாதையும் கிட்டானெமுக் பாதைகளும் உண்டு. பொருண்மை ஆய்வின் வினாத்தாளில் அவற்றுக்கு இடமில்லை. கேட்ட வினாவுக்கே பட்டியல் விடை சொல்லும். இதை ஆய்வாளரின் குறையென்பதைவிட வகைமையின் இயல்பு என்பதே நேர்மை.

அவ்வகைமைக்குப் பொருந்தாதவருள் முதன்மையானவர் பாஞ்சோ பார்ன்ஸ். உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையின் பலூன் பிரிவை நடத்திய தாடியஸ் லோவின் பேத்தி. 1930இல் அமீலியா ஏர்ஹார்ட்டின் வேகச் சாதனையை முறியடித்தவர். 1930களின் நடுவில் ஏரிக்கரையில் பண்ணை வாங்கினார். அது விடுதியும் ஓடுதளமும் கொண்ட ஹேப்பி பாட்டம் ரைடிங் கிளப்பாக வளர்ந்து, சோதனை விமானிகளின் ஊர்ப்பொது மன்றாயிற்று. 1950களில் தளம் விரிந்தபோது விமானப்படை அந்நிலத்தைக் கையகப்படுத்த முனைந்தது, வழக்குகள் எழுந்தன, 1953இல் பண்ணை எரிந்தது. நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு அளித்தது, நிலத்தை அளிக்கவில்லை. மியூராக் ஊருக்கும் அதே கதி. விமானங்கள் ஏரியின் முழுப்பரப்பையும் பயன்படுத்த வேண்டி, குடியிருப்பு காலியாயிற்று. படுகையைக் கடந்த இருப்புப்பாதையும் இடம் மாறியது. 1985இல் சின்னமாக்கப்பட்ட அந்தத் தூய வெற்றுத்தரை, இந்த வெளியேற்றங்களின் விளைவும் ஆகும்.

சின்னத் தகுதி சட்டப்படி எதைச் செய்கிறது என்பதும் அறியத்தக்கது. ஒன்றிய அரசின் செயலொன்று சின்னத்தைப் பாதிக்குமாயின், அச்செயலை மேற்கொள்ளும் துறை முன்கூட்டியே ஆராய்ந்து கலந்தாலோசிக்க வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. தடை என்ற சொல் அதில் இல்லை. அறிவியல் தளங்கள் பட்டியலில் சேரத் தொடங்கியதும், பழைய கருவியைப் பேணுவதா, புதிய சோதனைக்காக மாற்றுவதா என்ற பூசல் எழுந்தது. காற்றுச் சுரங்கத்துக்கு அது கடினமான வினா. ஏரிக்கு அது பெரிதும் எழவேயில்லை; ஒவ்வொரு மழையும் முந்திய சக்கரத் தடங்களை அழித்துவிடுகிறது. எந்தத் தடத்தைக் காக்கச் சட்டம் வந்ததோ, அது அங்கில்லை. காக்கப்படுவது அத்தடம் மீண்டும் பதியக்கூடிய வாய்ப்பு மட்டுமே. மரபுடைமைக் கல்வியில் இதற்கு ஒத்த எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே உள.

அரசின் பட்டியலுக்கு வெளியே சுற்றுவட்டார ஊர்கள் தம் ஏற்பைத் தாமே செய்துகொண்டன. லங்காஸ்டர் நகரம் 1990இல் தன் முதன்மைத் தெருவில் சோதனை விமானிகளுக்கான மதிப்புநடை ஒன்றை நிறுவியது. ஓடங்கள் பொருத்தப்பட்ட பாம்டேலில், ஓய்வுபெற்ற விமானங்கள் திறந்தவெளிப் பூங்காக்களில் நிற்கின்றன. மொஹாவி ஊரின் விமான நிலையம் 2004 ஜூனில் விண்கலத் தள உரிமம் பெற்றது. தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் ஊர்களுக்குப் 'பெருமை' என்பதில் பிழைப்பும் கலந்திருக்கிறது. அதைப் பழிக்க ஒன்றுமில்லை.

பெயர்மாற்றமும் ஓயவில்லை. எட்வர்ட்ஸிலுள்ள நாசா மையம் 1976 முதல் ஹியூ டிரைடனின் பெயரைத் தாங்கியிருந்தது. 2014இல் அது ஆர்ம்ஸ்ட்ராங் மையமாயிற்று. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கு எக்ஸ்-15 ஓட்டியவர் என்பதால் பொருத்தம் இல்லாமலில்லை. எனினும் 1985இல் போலவே 2014இலும் நிலவே வென்றது. டிரைடனின் பெயர் அண்டையிலுள்ள சோதனை வான்பகுதிக்கு மாற்றப்பட்டது. ஊர் அழிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மியூராக் என்னும் சொல் மட்டும் ஓரிடத்தில் அன்றாட வழக்கில் உள்ளது: தளத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாவட்டத்தின் பெயர் அதுவே. கோரம் குடும்பத்துக்கு அஞ்சல் துறை மறுத்த பெயரை அப்பிள்ளைகள் இன்றும் பின்னிருந்து முன்னாக எழுதுகிறார்கள்.